மதுவிலக்குக் காலச் செய்தித்தாள்கள்: சேகரிப்போர் அறிய வேண்டியவை

காக்ஸ் டவுனின் பழைய வீடுகளைக் காலி செய்கையில், பரணிலிருந்து சென்னை நாளிதழ்க் கட்டு ஒன்று இறங்கக்கூடும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நலம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. அக்காலச் சிகாகோவின் கள்ளச்சாராயத் தலைவன் அல் கபோன், 1931இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது வருமான வரி ஏய்ப்புக்காக. நம் பக்கத்தில், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அரசு, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தது. முதற்பக்கப் பரபரப்பின் உட்பொருளை உள்பக்க வரவுசெலவுச் செய்திகளே உணர்த்துகின்றன. ஆகவே, வெட்டியெடுத்த துண்டினும் முழு இதழே மதிப்புடையது.

வாங்குவோர் கவனிக்க: புகழ்பெற்ற இதழ்களுக்கு மறுபதிப்புகள் உண்டு. பக்க எண்கள், விளம்பரங்கள் முழுமையாக உள்ளனவா எனப் பாருங்கள். ‘மூலப்பிரதி’ எனக் குறித்த ரசீது பெறுங்கள்.

காப்போர் கவனிக்க: செய்தித்தாளின் மரக்கூழ் ஒளிபட்டால் பழுப்பேறி நொறுங்கும். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் வேண்டா. அமிலமற்ற அட்டைப்பெட்டியில், ஈரமில்லா இடத்தில், தட்டையாக வையுங்கள். லாக்கரில் அடக்குவதற்காக மேலும் மடித்தால் மடிப்பிலேயே கிழியும்.

இவற்றுக்கு நிலையான விலையோ உடனடிச் சந்தையோ இல்லை. எனவே கடன் பெற்றோ, அவசரகாலச் சேமிப்பை எடுத்தோ வாங்குதல் தகாது. உபரிப் பணத்தில் வளர்க்கத்தக்க விருப்பம் இது, வைப்புநிதிக்கு மாற்றன்று.