ஆங்கிலம் கற்போம்: வெயில், மழை, குளிர்



நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் இத்தாலிய மொழியும் பேசுகிறார்கள். லண்டனில் உள்ள உறவினரிடம் போனால் ஆங்கிலம் வேண்டும். காலநிலையைச் சொல்வதில் இம்மூன்று மொழிகளும் மூன்று வழியில் போவதால், இம்முறை அதைப் படிப்போம்.

1. எழுவாய்

தமிழில் "மழை பெய்கிறது" என்கிறோம்; மழையே எழுவாய். இத்தாலிய மொழியில் "பியோவே" என்ற வினைச்சொல் ஒன்றே போதும். ஆங்கிலத்திலோ எழுவாய் கட்டாயம் வேண்டும். ஆகவே "இட் இஸ் ரெய்னிங்" என்கிறோம். இந்த "இட்" எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. எழுவாயின் இடத்தை நிரப்ப மட்டுமே நிற்கிறது. அதை விட்டுவிட்டு "இஸ் ரெய்னிங்" என்பது பிழை.

2. உடம்பு

"எனக்குக் குளிருது" என்பதை இத்தாலியர் "ஓ ஃப்ரெத்தோ" என்பர். "ஓ" என்றால் "என்னிடம் உண்டு". அதை அப்படியே மாற்றி "ஐ ஹாவ் கோல்ட்" என்று சொன்னால், ஆங்கில மருத்துவர் தடிமன் என்றே விளங்கிக்கொள்வார். குளிருக்கு "ஐ ஆம் கோல்ட்". தடிமனுக்கு "ஐ ஹாவ் எ கோல்ட்". வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

3. விளைவு

2023 ஜூலை 24 அன்று பலெர்மோ வானியல் அவதான நிலையத்தில் வெப்பம் 47 பாகையைத் தொட்டது. ஷிரொக்கோ காற்றில் மலைக்காடுகள் எரிந்தன. மறுநாள் விமான நிலையமும் சில மணி நேரம் மூடப்பட்டது. தமிழில் "தீயால்" என்று "ஆல்" உருபைச் சேர்த்துக் காரணம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் "பிகோஸ் ஒஃப்" வரும்:
"பிகோஸ் ஒஃப் த ஃபயர்ஸ், த எயார்போர்ட் வோஸ் குளோஸ்ட்."

முழு வாக்கியத்துக்கு முன் "பிகோஸ்" மட்டும் போதும்:
"பிகோஸ் இட் வோஸ் வெரி ஹொட், வி ஸ்டேய்ட் அட் ஹோம்."

இங்கிலாந்திலும் 2022 ஜூலை 19 அன்று வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. வெயிலில் தலை சுற்றினால் சொல்ல வேண்டியது: "ஐ ஃபீல் டிஸி பிகோஸ் ஒஃப் த ஹீட்." வீட்டிலுள்ள முதியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தையாவது பாடமாக்கிக் கொடுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளை எப்போதும் பக்கத்தில் நிற்காது.

பயிற்சி

2020 ஜூலை 15 அன்று பெய்த கடும் மழையால் வியாலே ரெஜியோனே சிசிலியானா வீதி வெள்ளத்தில் மூழ்கியது. "கடும் மழையால் வீதி வெள்ளத்தில் மூழ்கியது" என்பதை ஆங்கிலத்தில் கூறுக.

விடை: "பிகோஸ் ஒஃப் த ஹெவி ரெய்ன், த ரோட் வோஸ் ஃப்ளடட்."