காவல் நிலையம் தூரத்தில். நாம் என்ன செய்யலாம்?



தோட்டத்து எல்லையில் முனியாண்டி சாமியை வைத்துக் கும்பிட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். "சாமி காவல் இருக்கு" என்றார்கள். அதற்காகச் சும்மா தூங்கிவிடவில்லை. ராத்திரி வாட்ச்மேன் சுற்றி வருவார். புது ஆள் உள்ளே வந்தால் லயத்தில் நாலு பேர் விசாரிப்பார்கள்.

இன்று பல தோட்டங்களில் அந்த நிலை இல்லை. பிள்ளைகள் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள்தான் மிச்சம். காவல் நிலையமோ தூரத்தில். இருக்கிற சில போலீஸ்காரர்கள் பல தோட்டங்களையும் கம்பங்களையும் பார்க்க வேண்டும். கோயில் உண்டியல், குத்துவிளக்கு, மோட்டார் சைக்கிள், செம்பனைக் குலை என்று களவு போவது இப்படிப்பட்ட இடங்களில்தான் சுலபம்.

இதற்கு நாம் செய்யக்கூடியவை மூன்று.

1. புகார் கொடுங்கள்

"போலீஸ்ல சொல்லி என்ன ஆகப் போகுது?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். புகார் இல்லாத திருட்டு, அரசாங்கக் கணக்கில் நடக்காத திருட்டு. பிறகு "எங்கள் பக்கம் ரோந்து வருவதே இல்லை" என்று கேட்க நம் கையில் ஆதாரம் இருக்காது.

புகார் கொடுத்தவருக்கு உரிமையும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107A பிரிவின்படி, வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், 4 வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்ட 2 வாரத்துக்குள் நிலைய அதிகாரி பதில் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கும் விவரத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். எழுதப் படிக்கத் தடுமாறும் தாத்தா பாட்டிக்குத் துணையாக நிலையத்துக்குப் போய் வாருங்கள். அதுவும் தொண்டுதான்.

2. முறையாகச் சேர்ந்து காவல் காருங்கள்

1975 முதல் நம் நாட்டில் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. 2012இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. தன்னார்வ ரோந்து அதன் கீழ் நடக்கிறது. நாமே தனியாகக் கூட்டம் சேர்ப்பதைவிட, மலாய், சீன அண்டை வீட்டாரோடு சேர்ந்து பதிவு செய்துகொண்டு இறங்குவதே நல்லது. திருடன் இனம் பார்த்து வருவதில்லை.

கோயிலில் உண்டியலை அடிக்கடி திறந்து எண்ணி வங்கியில் போடச் சொல்லுங்கள். நகை, விளக்குகளைப் படம் எடுத்து, எடை எழுதி வையுங்கள். பொருள் கிடைத்தால் நம்முடையது என்று காட்ட அது உதவும்.

3. கை வைக்காதீர்கள்

திருடனைப் பிடித்தால் கோபம் வரும். "ரெண்டு போடு" என்று யாராவது சொல்வார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். கண்ணெதிரே கடுமையான குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்க 27ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். தண்டிக்கும் உரிமை நமக்கு இல்லை. அடியில் ஒருவர் செத்துப்போனால், கோயிலைக் காக்கப் போன பையன் கொலை வழக்கில் நிற்பான். பிடிபட்டவர் நிரபராதியாகவும் இருக்கலாம். அகிம்சை என்று நாம் படிப்பது இந்த நேரத்துக்குத்தான். ஆயுதம் வைத்திருந்தால் கிட்டே போகாதீர்கள். 999க்கு அழையுங்கள், வண்டி எண்ணையும் ஆள் அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கலந்து பேச:

அ. உங்கள் ஊரில் கடைசியாக நடந்த திருட்டுக்குப் புகார் கொடுக்கப்பட்டதா? இல்லை என்றால் ஏன்?
ஆ. உங்கள் கோயில் பொருள்களுக்குப் பட்டியல் இருக்கிறதா?
இ. தனியாக இருக்கும் முதியவர்களை ராத்திரியில் யார் விசாரிக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு "யாரும் இல்லை" என்பது பதிலானால், இந்த வாரமே அங்கிருந்து தொடங்குங்கள்.