வயது கூடிய பின் குழந்தை வேண்டுவோர்க்கு



“கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு. வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலையே” என்று மருமகளைக் குறை சொல்லும் குரல் எந்த ஊரிலும் கேட்கிறது. கோயில் கோயிலாகச் சுற்றுபவளும் அவள்தான், கண்ட மருந்தையும் தின்பவளும் அவள்தான். பிள்ளையாண்டானுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் மெல்லக் கிளம்பும்.

இப்படி மனம் நொந்து துணை சுகாதார நிலையத்துக்கு வரும் 34 வயதுப் பெண்ணிடம், கிராம சுகாதார செவிலியர் முதலில் என்ன கேட்பார் தெரியுமா?

“வீட்டுக்காரர் எங்கேம்மா வேலை பார்க்கிறார்?”

“திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க, நர்சம்மா. மாசம் ஒருக்கா வந்து ரெண்டு நாள் இருப்பாருங்க.”

“அந்த ரெண்டு நாளும் உன் கரு தரிக்கிற நாளா இல்லாட்டி, குறை உன்கிட்டயும் இல்லாம, அவர்கிட்டயும் இல்லாமலே வருஷம் போயிடுமேம்மா!”

கரு தரிக்கும் நாட்கள்

பெண்ணின் கருமுட்டை மாதத்துக்கு ஒரு முறை வெளிப்படுகிறது. அது ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும், அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கரு தரிக்க ஏற்றவை.

அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிப்படும். இரத்தம் கண்ட நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு 9 முதல் 14-ஆம் நாள் வரை ஏற்ற நாட்கள். 32 நாளுக்கு ஒருமுறை என்றால் 13 முதல் 18 வரை. அந்த நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பான கசிவு இருக்கும். நாற்றமோ அரிப்போ இருந்தால் அது நோய், டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர், தேதி பார்த்து லீவு கேட்டு வரட்டும். விலக்கு முறை தவறி வந்தால் நாள் எண்ணுவது பயன்படாது. மருத்துவரைப் பாருங்கள்.

வயதை மாற்ற முடியாது; பழக்கத்தை மாற்றலாம்

பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும்போதே அமைந்தவை. புதிதாக உண்டாவதில்லை. 35-க்கு மேல் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. எந்த லேகியமும் எந்தப் பத்தியமும் இதைத் திருப்பாது. “மூணே மாசத்துல பலன்” என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் உள்ள வாய்ப்பைக் கெடுக்காமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

*ஆண்களுக்கு:* விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும. இன்று பீடியை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும். பீடி, சிகரெட், புகையிலை, குடி இவற்றை அறவே விடுங்கள். விதைப்பை உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். செங்கல் சூளையிலும் லாரி எஞ்சின் பக்கத்திலும் வேலை செய்பவர்கள் அடிக்கடி எழுந்து காற்றாட நில்லுங்கள். பூச்சிமருந்து தெளிக்கையில் உடம்பை மூடிக்கொள்ளுங்கள்; வந்தவுடன் குளியுங்கள்.

*பெண்களுக்கு:* உடல் மிகவும் மெலிந்தாலும், மிகவும் பருத்தாலும் விலக்கு முறை தவறும். வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்துங்கள். கீரை, பயறு, முட்டை, மீன், கிடைத்த பழம் இவற்றைச் சாப்பிடுங்கள். இரத்தசோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைக் கருத்தரிக்கும் முன்பே பரிசோதியுங்கள். போலிக் அமில மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அளவை டாக்டர் சொல்வார். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்று பாருங்கள். 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். 40-ஐத் தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டாம். பழக்கத்தை மாற்றுகிறோம் என்று இந்தக் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதேனும் குறை காணப்படுகிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியில்லை, கத்தியில்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் வரை உறவின்றி இருந்து, மாதிரி கொடுத்தால் போதும்.

“எனக்கென்ன குறை? நான் எதுக்குங்க வரணும்?” என்று கேட்கும் கணவருக்கு நர்சம்மா சொல்வது இதுதான்: “அண்ணே, வயல்ல விளையலைன்னா மண்ணை மட்டுமா பார்ப்பீங்க? விதையையும் பார்ப்பீங்கல்ல?”

மாமியார்மார்களே! மருமகளை மலடி என்று சொல்லும் முன், மகனையும் அவளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.

நினைவில் வையுங்கள்:
நாளை எண்ணுங்கள். புகையையும் குடியையும் விடுங்கள்.
காலம் கடத்தாதீர்கள். இருவரும் சேர்ந்தே வாருங்கள்.