பசி மீளும் பொழுது

நுழையும்முன்

உற்றாரை இழந்தோர் படும் துயரைப் பாடுதற்கெனக் 'கையறுநிலை' என்னும் துறையைத் தமிழ்மரபு வகுத்துள்ளது. செய்வதறியாது செயலற்று நிற்கும் நிலையை அச்சொல் உணர்த்துகிறது. அந்நிலையில் நிற்கும் ஒருவர் மீண்டும் செயற்படத் தொடங்குவது எப்படி? அன்பு அதற்கு எவ்வகையில் துணையாகிறது? ஜப்பானிய எழுத்தாளர் பனானா யோஷிமோட்டோ எழுதிய 'கிச்சன்' என்னும் புதினம் இவ்வினாக்களுக்கு அன்றாட உணவின் வழியே விடை காண முயல்கிறது.

தனித்து விடப்பட்டவள்

கதையைச் சொல்பவள் மிகாகே என்னும் இளம்பெண். பெற்றோரையும் பாட்டனாரையும் அடுத்தடுத்து இழந்த அவளுக்குப் பாட்டி ஒருவரே துணை. அந்தப் பாட்டியும் இறந்தபின் டோக்கியோ மாநகரில் அவளுக்கென்று உறவினர் ஒருவரும் இல்லை. எங்குப் படுத்தாலும் உறக்கம் வாராத அவள், சமையலறைக் குளிர்பதனப் பெட்டியின் அருகில் படுத்தபோதுதான் உறங்கினாள். அப்பெட்டியின் இடைவிடாத மெல்லிய ஓசை, தனிமை எண்ணத்திலிருந்து அவளைக் காத்தது. வீட்டில் மனிதர் அனைவரும் மறைந்தபின்னும் ஏதோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும் இடமாகச் சமையலறையை ஆசிரியர் காட்டுகிறார்.

அழைத்த இல்லம்

பாட்டி வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் பகுதிநேரப் பணி செய்தவன் யூயிச்சி. அவன் ஒருநாள் வந்து, தம் வீட்டில் தங்குமாறு மிகாகேயை அழைக்கிறான். அவனுடைய இல்லத்தில் அவளை வரவேற்பவர் எரிகோ. யூயிச்சியின் தந்தையாக இருந்தவர். மனைவி இறந்தபின் திருநங்கையாக வாழத் தொடங்கி, மகனுக்குத் தாயாகவும் ஆனவர். அவர்கள் இருவரும் மிகாகேயிடம் ஆறுதல் மொழிகளை அடுக்கவில்லை. உறங்க ஓர் இருக்கையையும் சமைக்க ஒரு சமையலறையையும் தந்தனர்.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் பேருந்தில் திரும்பும் மாலையில், ஒரு பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்வதைக் கேட்ட மிகாகே தன்னையறியாமல் கண்ணீர் விடுகிறாள். உடனே இறங்கி, இருண்ட சந்து ஒன்றில் நின்று வாய்விட்டு அழுகிறாள். அப்போது மேலே ஒளி நிறைந்த பலகணி ஒன்றிலிருந்து ஆவியும் பேச்சொலியும் பாத்திரங்களின் ஓசையும் வருகின்றன. அது ஒரு சமையலறை என உணர்ந்ததும் அவள் மனம் சற்றே இலகுவாகிறது. அடைபட்டிருந்த துயர் வெளிப்பட்டதும், வாழ்வின் ஒலி செவியில் விழுந்ததும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன.

அன்னாசிச் செடி

எரிகோ தம் கடந்தகாலத்தை மிகாகேயிடம் ஒருநாள் விவரிக்கிறார். மருத்துவமனையில் இருந்த மனைவி, உயிருள்ள ஏதேனும் ஒன்று தன் அறையில் வேண்டும் எனக் கேட்டார். எரிகோ அன்னாசிச் செடியொன்றை வாங்கித் தந்தார். இறுதி நெருங்கியபோது, அச்செடியிலும் இறப்பு படிந்துவிடும் முன்னர் எடுத்துச் சென்றுவிடுமாறு மனைவி வேண்டினார். செடியைச் சுமந்து அழுதுகொண்டே நடந்த இரவில், உலகம் தம்பொருட்டு இயங்கவில்லை என்பதை எரிகோ உணர்ந்தார். அவ்வுணர்வு அவரைக் கசப்புக்கு உள்ளாக்கவில்லை. இனி மகிழ்வோடு வாழ்வது தம் கையில்தான் உள்ளது என்னும் முடிவுக்குக் கொண்டுசென்றது.

இரண்டாம் இழப்பு

புதினத்தின் இரண்டாம் பகுதியில் எரிகோ கொலை செய்யப்படுகிறார். அவர் பின்னால் சுற்றித் திரிந்த ஒருவனே அக்கொடுமையைச் செய்கிறான். யூயிச்சி அச்செய்தியை மிகாகேயிடம் நெடுநாள் சொல்லாமல் மறைக்கிறான். சமையற்கலை ஆசிரியர் ஒருவரிடம் உதவியாளராகப் பணியாற்றும் மிகாகே, குளிர்காலத்தில் வந்த தொலைபேசி அழைப்பின் மூலமே அதனை அறிகிறாள். இப்போது இருவரும் அனைவரையும் இழந்தவர்கள். ஒரே துயர் இருவரை இணைத்துவிடும் என நாம் எதிர்பார்ப்போம். யோஷிமோட்டோ அவ்வாறு எழுதவில்லை. துயர் மிகும்போது யூயிச்சி விலகி, தொலைவிலுள்ள விடுதி ஒன்றுக்குச் சென்றுவிடுகிறான்.

ஓர் இரவும் ஓர் உணவும்

பணியின் பொருட்டு இஸு பகுதிக்குச் சென்ற மிகாகே, இரவில் பசியோடு ஒரு சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்து 'கட்ஸுடோன்' கேட்கிறாள். பொரித்த பன்றியிறைச்சியையும் முட்டையையும் சுடுசோற்றின்மேல் இட்டுத் தரும் எளிய ஜப்பானிய உணவு அது. உணவுக்குக் காத்திருக்கும்போது யூயிச்சியைத் தொலைபேசியில் அழைக்கிறாள். தன் விடுதியில் சோயாக்கட்டி உணவைத் தவிர வேறெதுவும் இல்லை என்கிறான் அவன். இருவர் வாழ்வும் பிரிந்து செல்லும் தருணம் இதுவே என அவள் உணர்கிறாள். உணவு மிகச் சுவையாக இருக்கிறது. அச்சுவையைத் தான்மட்டும் நுகர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொன்றைக் கட்டித் தரச் சொல்லி வாங்கி, வாடகை மகிழுந்தில் நெடுந்தொலைவு பயணம் செய்கிறாள். விடுதி பூட்டியிருக்கிறது. சுவரேறிக் கையில் காயம்பட்டு அவன் அறைப் பலகணியை அடைந்து, அவ்வுணவை அவன்முன் வைக்கிறாள். அவன் உண்கிறான்.

கதையின் உச்சம் இவ்வளவே. அவள் அவனை இழக்க விரும்பவில்லை என்கிறாள். ஆயினும் உடன்வருவதா வேண்டாவா என்னும் முடிவை அவனிடமே விட்டுத் திரும்புகிறாள். அன்பு கதவைத் தட்டலாம். உள்ளிருப்பவரே திறக்க வேண்டும் என்பதை அச்செயல் உணர்த்துகிறது. பின்னர் யூயிச்சி தொலைபேசியில் அழைத்து, அவளை எதிர்கொண்டு அழைக்க வருவதாகச் சொல்வதோடு கதை நிறைவுறுகிறது. திருமணமோ உறுதிமொழியோ இல்லை.

மாற்று அன்று, துணை

இறந்தவரின் இடத்தை இன்னொருவர் நிரப்புவதே துயர்நீக்கம் என்று பல காதற்கதைகள் கூறும். இப்புதினத்தில் பாட்டியின் இடமும் எரிகோவின் இடமும் இறுதிவரை வெற்றிடங்களாகவே நிற்கின்றன. அவ்வெற்றிடங்களோடு வாழ்வதற்கு வேண்டிய வலிமையை மட்டுமே அன்பு தருகிறது. துயருற்றவர்க்குப் பசி மீண்டும் தோன்றுவது முதல் மாற்றம். தன் பசியோடு பிறர் பசியையும் நினைப்பது அடுத்த மாற்றம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவையே மிகாகே அந்த இரவில் கடக்கிறாள்.

நூல்வெளி

பனானா யோஷிமோட்டோ 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்தார், இயற்பெயர் மஹோகோ. இவருடைய தந்தை தகாகி யோஷிமோட்டோ, ஜப்பானின் புகழ்பெற்ற கவிஞர், திறனாய்வாளர். உணவகமொன்றில் பணியாற்றிய காலத்தில் எழுதப்பட்ட 'கிச்சன்', 1988இல் நூலாக வெளிவந்தது, 1989இல் திரைப்படமானது, 1993இல் மேகன் பாக்கஸ் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. காதலனை இழந்த பெண்ணைப் பற்றிய 'மூன்லைட் ஷேடோ' என்னும் கதையும் இந்நூலில் இடம்பெற்றுள்ளது.

கற்பவை கற்றபின்...

1. யூயிச்சி இறப்புச் செய்தியை மறைத்ததற்கான காரணங்களைக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. "முடிவை அவனிடமே விட்டுத் திரும்பியது மிகாகேயின் அன்பைக் குறைக்கவில்லை" – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.