ஒளிப்பதிவுகளைக் காக்க உகந்த சாதனம் எது?

இல்லத்து மங்கல நிகழ்வுகளை ஒளிப்பதிவு செய்வது இன்று சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டது. திருப்பதி மாவட்டம் வரதய்யபாளையத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் 2001இல் நடந்த தம் திருமண ஒளிநாடாவைப் பீரோவில் பாதுகாத்து வந்தார். மறைந்த தந்தையாரின் குரல் அந்நாடாவில் மட்டுமே உள்ளது. நாடாவில் பழுதில்லை, ஆனால், அதனை இயக்கும் கருவி கிடைக்கவில்லை. பெட்டகம் இருந்தும் சாவி இல்லாத நிலை அது. சென்னையில் பழைய கருவி வைத்திருந்த ஒருவரைத் தேடிக் கண்டறிந்த பின்னரே பதிவைக் கணினிக்கு மாற்ற இயன்றது. எனவே, சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

1. நாடா

வி.எச்.எஸ். நாடாக் கருவிகளைத் தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. மினி டிவி எனப்படும் சிறு டிஜிட்டல் நாடாவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி இடம் கொள்ளும். அதை மாற்றவும் முழுமையாக ஒரு மணி நேரம் ஆகும். அதற்குரிய ஃபயர்வயர் இணைப்பு புதிய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. ஆகவே, நாடா வைத்திருப்போர் தாமதமின்றி மாற்றிக்கொள்ளுதல் நலம்.

2. டிவிடி தகடு

கேமராவில் பயன்படும் 8 செ.மீ. தகட்டின் கொள்ளளவு 1.4 ஜிபி மட்டுமே. வழக்கமான தரத்தில் சுமார் 30 நிமிடங்கள் பதிவாகும். பதிவு முடிந்ததும் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்யாவிடில் பிற கருவிகளில் அத்தகட்டைப் படிக்க இயலாமற்போகலாம்.

3. மெமரி கார்டு

புதிதாக வாங்குவோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதுவே. கொள்ளளவோடு வேகக் குறியீட்டையும் நோக்க வேண்டும். யு3 அல்லது வி30 குறியீடு, நொடிக்குக் குறைந்தது 30 எம்பி பதியும் திறனைக் குறிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி தேவைப்படும். போலி கார்டுகள் இல்லாத கொள்ளளவைக் காட்டுவதால் பதிவுகள் அழிய நேரிடும். எனவே, ரசீதுடன் வாங்கி, முழுவதும் நிரப்பிச் சோதித்த பின்னரே முக்கிய நிகழ்வுக்குப் பயன்படுத்துக.

மாற்றும் முறை

பதிவுகளை ‘கட்’ செய்யாமல் ‘காப்பி’ செய்க. கணினியில் தொடக்கம், நடு, முடிவு ஆகிய பகுதிகளை ஓட்டிப் பார்க்க. வேறொரு ஹார்டு டிஸ்கில் இரண்டாம் பிரதி எடுத்து, அதனை உறவினர் இல்லத்தில் வைக்க. இவ்வளவும் முடிந்த பின்னரே கார்டை அழிக்கலாம்.

மெமரி கார்டு பணப்பை போன்றது, கொண்டுவரவே உதவும். ஹார்டு டிஸ்க் சேமிப்புக் கணக்கு. வேற்றிடத்துப் பிரதி பாதுகாப்புப் பெட்டகம். முதிர்வுற்ற வைப்புத்தொகையைப் புதுப்பிப்பதுபோல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவுகளையும் புதிய சாதனத்திற்கு மாற்றி வருதல் வேண்டும். பணத்தை மீண்டும் ஈட்டலாம். மறைந்த பெரியோரின் குரலை மீண்டும் பதிவு செய்ய இயலாது.