பாராசூட் கயிறும் பின்னல் பலகையும்

கயிறு வகைகளும் முகாம் சாமான்களும் விற்கும் கடைகளில், பாராசூட் கயிற்றால் பின்னிய கைப்பட்டைகளைக் கேட்டு வருவோர் உண்டு. கயிற்றை அடிக்கணக்கில் விற்பதைவிடப் பின்னி விற்பதில் நாலு காசு கூடுதலாக நிற்கும். ஆனால் கண்மதிப்பில் பின்னினால் பத்துப் பட்டையும் பத்து அளவாகிவிடும். இதைத் தவிர்க்கப் பட்டறைக்காரர் 'ஜிக்' என்னும் சாதனத்தை வைத்துக்கொள்வர். நாம் அதைப் பின்னல் பலகை என்போம்.

கயிறு

இரண்டாம் உலகப் போரில் (1939-1945) அமெரிக்கர் பாராசூட்டுகளில் பயன்படுத்திய நைலான் கயிற்றின் வகை இது. '550' என்று வழங்குவது சுமார் 4 மில்லிமீட்டர் கனமுடையது. 550 ராத்தல், அதாவது சுமார் 250 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும் என்பதே அவ்வெண்ணின் பொருள். நைலான் நனைந்தால் சுருங்கும். ஆகையால் பின்னுமுன் வெந்நீரில் ஊறவைத்து நன்கு உலர்த்துதல் நலம்.

பலகை செய்யும் முறை

1. 20 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள பலகை ஒன்று எடுக்கவும். இரு கோடிகளிலும் அடியில் சட்டம் அடித்து உயர்த்தவும். போல்ட்டுத் தலைகளுக்கு இடம் வேண்டும்.

2. இடது கோடியிலிருந்து 10ஆம் அங்குலம் முதல் 17ஆம் அங்குலம் வரை, நடுவே கால் அங்குல அகலத்தில் ஊடுருவ வெட்டவும்.

3. ஒரே உயரமுள்ள இரு மரக்கட்டைகளில் ஒன்றை இடது கோடியில் நிலையாகப் பதிக்கவும். மற்றதை இரண்டு போல்ட்டுகளால் வெட்டுவழியில் நகரும்படி மாட்டவும். ஒரே போல்ட்டானால் கட்டை திரும்பிவிடும்.

4. நிலைக்கட்டையில் பக்கிளின் ஆண் பக்கத்தையும், நகரும் கட்டையில் பெண் பக்கத்தையும் வாஷர் வைத்துத் திருகாணியால் இறுக்கவும். பின்னவேண்டிய பக்கிளின் இரு பாதிகளும் இவற்றில் மாட்டிக்கொள்ளும்.

5. ஆண் பக்கத்தின் தோள் இருக்குமிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளவுநாடா ஒட்டவும். பெண் பக்கத்தின் வாய் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுவே பட்டையின் நீளம்.

பின்னும் முறை

மணிக்கட்டின் சுற்றளவோடு 1 அங்குலம் கூட்டிக்கொள்க. பட்டையின் கனமும் இடம் பிடிக்குமல்லவா? 7 அங்குல மணிக்கட்டுக்குப் பலகையை 8இல் நிறுத்துக. சுமார் 10 அடி கயிறு போதும்.

கயிற்றைச் சரிபாதியாக மடித்து, மடிப்பை ஒரு பக்கிளின் கண்ணில் நுழைத்து, இரு நுனிகளையும் அம்மடிப்புக்குள் விட்டு இழுக்கவும். பின்பு நுனிகளை எதிர்ப் பக்கிளின் கண்ணில் கோத்துத் திருப்பவும். நடுவில் விறைப்பாக நிற்கும் இரு புரிகளே முதுகெலும்பு. இடது நுனியை அவற்றின் மேலாகவும் வலது நுனிக்கு அடியிலும் கொண்டுசெல்க. வலது நுனியை முதுகுக்கு அடியாக எடுத்து, இடது வளையத்தின் வழியே மேலே இழுத்து இறுக்குக. அடுத்த முடிச்சை வலப்பக்கமிருந்து தொடங்குக. இவ்வாறு மாற்றிமாற்றிப் போடாவிட்டால் பட்டை முறுக்கிக்கொள்ளும். எல்லா முடிச்சுக்கும் ஒரே இழுப்புக் கொடுத்தல் வேண்டும்.

முடிவில் நுனிகளைக் கால் அங்குலம் விட்டு வெட்டி, நெருப்புக் காட்டி, கத்தியின் முதுகால் அழுத்தவும். உருகிய நைலான் தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும், விரல் படலாகாது.

வியாபாரிகள் கவனிக்க

கொள்முதலின்போது ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். உண்மையான 550இல் ஏழு முதல் ஒன்பது உள்ளிழைகள் இருக்கும். உள்ளே வெறும் பஞ்சுபோல் இருந்தால் அது வேறு சரக்கு. சீட்டில் 550 என்று எழுதுதல் தகாது. இழை சரியாக இருந்தாலும், முடிச்சு கயிற்றின் பலத்தைக் குறைக்கும். கயிறு தாங்கும் பாரத்தைப் பிளாஸ்டிக் பக்கிள் தாங்காது. எனவே, "இது மலையேறவோ ஆளைத் தூக்கவோ உரியதல்ல" என்று வாங்குவோரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நம் பேச்சை நம்பி ஒருவர் தம் உயிரை அதில் தொங்கவிடக்கூடும். அவ்வாறு சொல்வதால் ஒரு விற்பனை தவறினாலும், கடையின் நாணயம் நிலைக்கும்.