டேப்லெட்டும் மெமரி கார்டும்

டேப்லெட் வாங்கப் புகுவோர் திரையின் அகலத்தையும் விலையையும் முதற்கண் நோக்குவர், அடுத்து அவர் வினவுவது, "இதில் மெமரி கார்டு போடலாமா?" என்பதே. இச்சிறு வினாவினுள் அடங்கிய பொருள் பெரிது. கருவிக்குள் நிலையாய்ப் பதிக்கப்பெற்ற சேமிப்பிடத்தைப் பின்னர்ப் பெருக்குதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே, வருங்காலத்தில் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதை இன்றே கணித்துப் பணங்கட்டல் வேண்டும். கார்டு செருகும் வாயோ, அம்முடிவை ஒத்திவைக்க இடந்தருகின்றது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் ஐசுவரியவான் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். செருகுவாய் உடையானுக்கோ இடிக்கும் வேலை இல்லை!

இனி, விலையை நோக்குவாம். 2010-ஆம் ஆண்டு வெளிவந்த ஐபேடில் செருகுவாய் இல்லை. வைஃபை மட்டுமுடைய வகையில், 16 ஜிகாபைட் கருவிக்கு 499 டாலரும், 32 ஜிகாபைட்டிற்கு 599 டாலரும், 64 ஜிகாபைட்டிற்கு 699 டாலரும் விலை குறித்தனர். திரையும் பிறவும் ஒன்றே. இடத்திற்காகவே படிதோறும் 100 டாலர். வாங்குவோன் அவ்விடத்தை வேறொரு கடையிற் பெறுதற்கு வழியில்லை. அவ்வாண்டே வந்த சாம்சங் கேலக்ஸி டேப், 32 ஜிகாபைட் வரை கார்டை ஏற்றது. கார்டுகளைப் பலர் செய்து விற்பதால் அவற்றின் விலை போட்டியாற் குறைகின்றது. 2015-இல் அமேசான் வெளியிட்ட ஃபயர், ஏறத்தாழ 50 டாலர் விலையும் 8 ஜிகாபைட் அகச்சேமிப்பும் உடையது. எனினும் 128 ஜிகாபைட் கார்டை ஏற்றது. செருகுவாய் இன்றேல், அத்துணைச் சிறிய இடமுடைய கருவியை எளியோர் விரும்பியிருப்பரோ என்பது ஐயமே.

பெட்டியின்மேற் பொறித்த அளவு முழுதும் நமக்குரியதன்று என்பதும் உணரத்தக்கது. மைக்ரோசாப்ட் 2012-இல் விற்ற 32 ஜிகாபைட் சர்பேஸ் ஆர்டியில், பயன்படுத்துவோனுக்கு எஞ்சியது சுமார் 16 ஜிகாபைட்டே. மற்றையதை இயங்குதளமும் உடன்வந்த செயலிகளும் கொண்டன.

நிற்க. கார்டும் அகச்சேமிப்பும் ஒரு தன்மையன என்று கருதிக் குறைந்த இடமுடைய கருவியைக் கொள்வோர் பலர். திரைப்படம், பாட்டு, படமெடுத்த பழைய நூல்கள் ஆகியன கார்டில் இனிது தங்கும். செயலிகளோ பெரும்பாலும் அகத்தையே நாடும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, கார்டையே அகச்சேமிப்பாக ஏற்கும் முறையொன்றைத் தந்தது. ஆனால், அவ்வாறு ஏற்கப்பெற்ற கார்டு மறையாக்கம் பெற்று, அக்கருவிக்கு மட்டுமே உரியதாகும். கழற்றி வேறொன்றில் இட்டுப் படிக்கவொண்ணாது. இம்முறையை எல்லா நிறுவனத்தாரும் அளிப்பதுமில்லை. ஆதலின், விளையாட்டுச் செயலிகளை மிகுதியாய் வைப்போன் அகச்சேமிப்பிற்கே பணஞ்செலவிடுதல் தகும் என்பது என் கருத்து. நூல் படிப்போனுக்குச் செருகுவாயே போதும்.

கார்டு வாங்குமிடத்தும் விழிப்பு வேண்டும். போலிக் கார்டுகள் சில, உண்மையில் இல்லாத பேரளவைக் கருவிக்குக் காட்டும். உள்ள இடம் தீர்ந்தபின் எழுதுவன பாழாகும். வாங்கியவுடன் பெருங்கோப்புகளால் முழுதும் நிரப்பி, அவற்றை மீளத் திறந்து பார்த்து, குறையிருப்பின் அன்றே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.